யாருக்குத் திறப்பது, யாருக்குப் பூட்டுவது

(ஆவணக் குழுத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையில் சட்டம் பற்றிப் பேசினாங்க. அப்புறம் உண்மை அறியும் குழு அறிக்கையை எப்படி எழுதுறதுன்னு பேசினாங்க. எனக்குக் கொடுத்திருப்பது வறண்ட தலைப்பு. நம்ம அலுவலகத்தில் மேசைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்குது. நாலு ஹார்டு டிஸ்க் போட்ட சேமிப்புப் பெட்டி. எல்லாக் கம்ப்யூட்டரும் அதோடதான் இணைஞ்சிருக்கு. அறிக்கை, மனு, முதல் தகவல் அறிக்கை நகல், போட்டோ, வாக்குமூலம், வரவு செலவு எல்லாம் அதுக்குள்ளதான். அந்தப் பெட்டியில் யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் திருத்தலாம், இதை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் தலைப்பு. சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டிருக்காங்க, தூக்கம் வரும். அதனால் நான் செய்த ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெட்டி வந்த புதிதில் அதை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். ஆரம்பத்தில் ஏதோ கொஞ்சம் பூட்டு போட்டிருந்தேன். தினமும் ஒரு தோழர் போன் பண்ணுவார்: "தோழர், நேத்து டைப் பண்ணது இன்னைக்குத் திறக்க மாட்டேங்குது." ஒருநாள் எரிச்சலில் எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து விட்டேன். அதோடு ஒரு கொள்கையும் பேசினேன். நம்ம இயக்கத்தில் யாருக்கும் எதுவும் மூடியிருக்கக் கூடாது, காலங்காலமா நம்மை மூடி வெச்சவங்க மாதிரி நாமும் செய்யலாமா, அப்படின்னு. கைதட்டினாங்க.

கொஞ்ச நாள் கழித்து ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார். அச்சில் வந்த ஓர் அறிக்கை வேணும்னு கேட்டார். "பெட்டியில் இருக்கு, எடுத்துக்கோங்க" என்றேன். எது எந்த ஃபோல்டரில் இருக்குன்னு அவருக்குத் தெரியலை, முழுசையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் பென்டிரைவ் அவர் நண்பர்கள் கைக்குப் போச்சு. அங்கிருந்து ஒரு போனுக்கு, அந்தப் போனிலிருந்து இன்னொன்றுக்கு. கடைசியில் ஓர் அக்கா நம்மிடம் கொடுத்த வாக்குமூலத்தின் படம், யாருக்கு எதிராகச் சொன்னாரோ அவங்க தெருவில் ஓடியது. அவர் பெயர், கணவர் பெயர், எந்தத் தெரு, யார் வயலில் கூலிக்குப் போகிறார், எல்லாம் அதில் இருந்தது. அந்த வயலே அவங்களுடையதுதான். மறுநாளிலிருந்து வேலை இல்லை.

அவரைப் பார்க்கப் போனேன். திட்டவில்லை. "தம்பி, கோர்ட்டுல சொல்றதுக்குன்னுதானே ஒங்ககிட்ட சொன்னேன். ஊருக்கே சொல்லிட்டீங்களே" என்றார். சாட்சி சொல்ல அவர் வரவில்லை. வழக்கு அங்கேயே பலவீனமாயிடுச்சு.

2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம் 15ஏ பிரிவைக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர், சாட்சி ஆகியோரின் உரிமைகள் பற்றிய பிரிவு அது. சாட்சியின் பெயரையும் முகவரியையும் தீர்ப்பிலும், பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்குப் பதிவுகளிலும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 72. நீதிமன்றம் மறைக்கணும்னு நாம் மனு போடுகிறோம். மனுவின் நகலை எல்லாருக்கும் திறந்த ஃபோல்டரில் வைக்கிறோம். இதுதான் நம்ம நிலைமை.

சரி, பெட்டிக்குள் வருவோம். இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வழிமுறையைத்தான் லினக்ஸ் எடுத்துக்கொண்டது. அதில் ஒவ்வொரு கோப்பையும் மூன்று தரப்பாகப் பார்க்கும்: உரிமையாளர், குழு, மற்றவர். செயலும் மூன்று. படிக்க 4, எழுத 2, இயக்க அல்லது உள்ளே நுழைய 1. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 7 என்றால் மூன்றும் உண்டு, 5 என்றால் படிக்கலாம் நுழையலாம், 0 என்றால் ஒன்றுமில்லை. 770 என்று ஒரு ஃபோல்டருக்குப் போட்டால் உரிமையாளருக்கும் குழுவுக்கும் எல்லாம் உண்டு, மற்றவருக்குப் பூஜ்யம். நான் அன்றைக்குப் போட்டது 777. இப்போ வர்ற பெட்டிகளில் இதை எண்ணாகப் போட வேண்டியதில்லை, திரையில் டிக் அடித்தால் போதும். ஆனால் உள்ளே ஓடுகிற தர்க்கம் இதுதான்.

இந்த 'மற்றவர்' என்ற வார்த்தையைப் பாருங்க. ஊர்க் கணக்கில் இத்தனை நூற்றாண்டாக அந்தக் கடைசி எண் நாம்தான். குளத்தில், கோயிலில், பள்ளிக்கூடத்தில், டீக்கடை டம்ளரில் நமக்குப் போட்டது பூஜ்யம். அதனால் பூஜ்யம் போடச் சொன்னாலே நமக்குக் கை நடுங்குது. முந்தைய கூட்டத்தில் ஒரு மாணவத் தோழர் எழுந்து கேட்டார்: "இதுவும் படிநிலைதானே தோழர்? அண்ணல் எதிர்த்த அதே ஏணியைப் பெட்டிக்குள் கட்டுறீங்களே?" சரியான கேள்வி. இதைத் தாண்டாமல் திட்டம் போட முடியாது.

சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினைதான் என்ற வாதத்தை அண்ணல் 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் உடைத்துப் போட்டார். அந்த இடத்தை ஒட்டி நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஓர் அனுமதியைப் பற்றி நாலு கேள்வி கேளுங்க. இது ஆளுக்கா, வேலைக்கா? வேலை மாறினால் இதுவும் மாறுமா? ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியுமா? கூட்டம் கூடி இதை மாற்ற முடியுமா? சாதி நாலிலும் தோற்கும். நம்ம பெட்டியில் போடுகிற அனுமதி நாலிலும் ஜெயிக்கணும். ஒன்றில் தோற்றாலும் அது ஏணிதான், எடுத்துடணும்.

இன்னொன்று. திறப்பு எந்தப் பக்கம், பூட்டு எந்தப் பக்கம்? இந்தச் சமூகத்தில் அதிகாரம் உள்ளவனுடைய கணக்கு பூட்டியிருக்கும், அடிபட்டவருடைய பெயர் திறந்திருக்கும். பஞ்சாயத்து வரவு செலவைக் கேட்டால் காட்ட மாட்டான். நம்ம பெண்ணுக்கு நடந்ததை மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவான். நாம் இதைத் தலைகீழாக்கணும். பொறுப்பில் இருக்கிறவங்க செய்வது எல்லாருக்கும் திறந்திருக்கணும். பாதிக்கப்பட்டவங்க நம்பிச் சொன்னது பூட்டியிருக்கணும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் பெட்டியைத் தொடாதீங்க. பேப்பரை எடுங்க. ஆட்கள் பெயரை எழுதாமல், என்னென்ன வேலை நடக்குதுன்னு எழுதுங்க. பத்திரிகை தயாரிப்பு, வழக்கு நடத்துவது, வாக்குமூலம் வாங்குவது, வரவு செலவு, உறுப்பினர் பதிவு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு. தனி ஆளுக்கு நேராக அனுமதி கொடுக்கவே கூடாது. குழுவுக்குக் கொடுங்க, ஆளைக் குழுவில் சேருங்க. அவர் வேறு பொறுப்புக்குப் போனால் குழுவிலிருந்து எடுத்தால் போதும், அந்தக் குழு வழியாக அவருக்குத் திறந்தது எல்லாம் தானாகவே மூடிடும். ஆளுக்கு ஆள் கொடுத்து வைத்தால் விலகிப் போய் அஞ்சு வருஷம் ஆனவர் பெயரும் ஏதாவது ஒரு ஃபோல்டரில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நாங்க இப்போ ஐந்து ஃபோல்டர் வைத்திருக்கிறோம். பெட்டியில் பயனர் கணக்கு உள்ளவங்க உறுப்பினர்கள் மட்டும்தான், விருந்தினர் கணக்கை மூடிவிட்டோம். ஆகவே 'மற்றவர்' என்றால் இங்கே மற்ற உறுப்பினர்கள்.

முதலாவது 'அச்சு'. வெளிவந்த அறிக்கை, இதழ், சுவரொட்டி. ஆசிரியர் குழு எழுதும், எல்லாரும் படிக்கலாம்: 775. இரண்டாவது 'வரவு செலவு'. பொருளாளர் இருவர் எழுதுவாங்க, எல்லாரும் படிக்கலாம்: இதுவும் 775. இதற்கு எதிர்ப்பு வந்தது. "காசு விஷயம் எல்லாருக்கும் எதுக்கு?" என்றார் ஒரு மூத்த தோழர். காசு விஷயம்தான் எல்லாருக்கும் தெரியணும் என்று மகளிர் அணித் தோழர்கள் விடாமல் நின்றாங்க, நிறைவேறியது. மூன்றாவது 'வழக்கு'. வழக்கறிஞர்களும் வழக்குப் பொறுப்பாளர்களும் மட்டும்: 770. இதில் எந்தச் சாட்சியின் பெயரும் கிடையாது, சாட்சி 1, சாட்சி 2 என்றுதான் இருக்கும். நான்காவது 'சாட்சியம்'. எந்த எண் யாருடையது என்ற பதிவேடும் கையெழுத்திட்ட வாக்குமூலமும் இங்கேதான். மூன்று பேர் கொண்ட தனிக் குழு, அதில் இரண்டு பேர் பெண்கள். இதுவும் 770, ஆனால் வேறு குழு. மாவட்டச் செயலாளருக்கு இது திறக்காது. எனக்கும் என் அன்றாடப் பயனர் கணக்கில் திறக்காது. ஐந்தாவது 'மேசை'. எல்லாரும் எழுதுகிற பொது இடம். இங்கே 1777, அதாவது 777-க்கு முன்னால் ஒரு 1. ஒருவர் போட்ட கோப்பை இன்னொருவர் அழிக்க முடியாது. மேசையில் முக்கியமான எதையும் ராத்திரி விட்டுட்டுப் போகக் கூடாது என்பது விதி.

நேத்து டைப் பண்ணது இன்னைக்கு ஏன் திறக்கலைன்னு சொன்னேனே, அதற்குக் காரணம் எனக்கு அப்போ தெரியலை. புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கினால் அது உருவாக்கினவருடைய சொந்தக் குழுவில்தான் போய் உட்காரும், ஃபோல்டருடைய குழுவில் உட்காராது. ஃபோல்டருக்கு முன்னால் ஒரு 2 சேர்த்து, 2770, 2775 என்று போட்டால் அதற்குள் பிறக்கிற ஒவ்வொரு கோப்பும் ஃபோல்டரின் குழுவை எடுத்துக்கொள்ளும். குழுவிலுள்ளவர்கள் அதைத் திருத்தவும் முடியணும் என்பதைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் சொல்லி வைத்துவிடலாம். கோப்புக்குப் பிறப்பால் அனுமதி வரலாம் தோழர்களே, மனுசனுக்குத்தான் வரக் கூடாது. (சிரிப்பு.) இந்த ஒற்றை 2 தெரியாமல்தான் நான் 777-க்குப் போனேன். அந்த அக்காவின் வேலை போனதற்கு இந்த 2-ம் ஒரு காரணம். வறண்ட விஷயம் என்று நாம் தள்ளி வைப்பது ஏழை ஆள் மேல்தான் போய் விழும்.

நுழைகிற எண் 1 பற்றியும் சொல்லணும். ஒரு கோப்பை எல்லாரும் படிக்கலாம்னு வைத்திருப்பீங்க. ஆனால் அது இருக்கிற ஃபோல்டருக்குள் நுழைய 1 இல்லையென்றால் கோப்பு வரை போகவே முடியாது. வைக்கத்தில் 1924-ல் நடந்த போராட்டம் எதற்கு? கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு. வழி மூடினால் போதும், மற்றதை மூட வேண்டியதே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். நாம் 'சாட்சியம்' ஃபோல்டரைக் காக்க அதே நுட்பத்தைப் பயன்படுத்துகிறோம்: வழியிலேயே பூட்டு. அதே சமயம் 'வரவு செலவு' திறந்திருக்குன்னு பேப்பரில் எழுதிவிட்டு, அதற்குப் போகிற மேல் ஃபோல்டர் மூடியிருந்தால் நாமும் அவனைப் போலத்தான்.

மகத்தை நினைச்சுப் பாருங்க. பொது நீர்நிலைகள் எல்லாருக்கும் திறந்தவை என்று 1923-ல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924-ல் மகத் நகராட்சியும் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் 1927 மார்ச் 20-ல் அண்ணல் தலைமையில் மக்கள் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தபோதுதான் அந்த அனுமதி உண்மையா என்பது தெரிந்தது. அடி விழுந்தது. அதே ஆண்டு நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு முடிய 1937 ஆச்சு. எழுதி வைத்த அனுமதி வேறு, போய்த் தொட்டுப் பார்த்த அனுமதி வேறு. ஆகவே பெட்டியில் எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு தோழரை உட்கார வைங்க. திறக்க வேண்டியது திறக்குதா, திறக்கக் கூடாதது மறுக்குதா, இரண்டையும் அவர் கையால் செய்து பார்க்கணும். நிர்வாகி தன் கணக்கில் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொன்னால் நம்பாதீங்க. அவருக்கு எல்லாமே திறக்கும்.

அந்த நிர்வாகிக் கணக்குக்கு ரூட் என்று பேர். நான் சொன்ன எந்த எண்ணும் அதைத் தடுக்காது. எந்த அமைப்பிலும் இது ஒரு ஆளிடம்தான் இருக்கும், பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் கொஞ்சம் படித்தவர். நம்ம அலுவலகத்தில் அது நானாக இருந்தேன். ராத்திரி பகலா டைப் செய்தவங்க பெண் தோழர்கள், சாவி மட்டும் என்னிடம். அருந்ததியர் பகுதித் தோழர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: "எங்க தெரு வழக்குக் கோப்பைப் பார்க்க நாங்க ஏன் உங்ககிட்ட வந்து நிக்கணும்?" பதில் இல்லை. ஏணியில் நமக்குக் கீழே ஓர் ஆளை நிறுத்தி வைப்பதுதான் சாதியின் தந்திரம், அது பெட்டிக்குள்ளும் வரும்.

ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் 1975-ல் கணினியில் தகவலைக் காப்பது பற்றி எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இன்னும் அடிப்படையாக வைக்கிறாங்க. அதிலிருந்து நாலு கருத்தை நம்ம வேலைக்கு எடுத்துக்கொண்டேன். செய்கிற வேலைக்குத் தேவையான அளவுக்குத்தான் அனுமதி. எதுவும் சொல்லாவிட்டால் மூடியிருக்கணும். முக்கியமான பூட்டுக்கு இரண்டு சாவி, இரண்டு கை. பூட்டு எப்படி வேலை செய்யுது என்பதில் ரகசியம் வேண்டாம். இந்த மூன்றாவதை வைத்து ரூட் பாஸ்வேர்டை இரண்டு பாதியாக்கினோம். ஒரு பாதி ஒரு தோழரிடம், மறு பாதி வேறு ஊர்த் தோழரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும், எதற்குத் திறந்தார்கள் என்று நோட்டில் எழுதணும். ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதற்காக முத்திரையிட்ட உறை ஒன்று மூன்றாம் தோழரிடம் இருக்கிறது. நாலாவதை வைத்து, எந்தக் குழுவில் யார், எந்த ஃபோல்டர் யாருக்கு என்ற பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினோம். சாட்சியம் ரகசியம். சாட்சியத்தை யார் பார்க்கிறாங்க என்பது ரகசியம் இல்லை.

உரிமையாளர் என்ற சொல் எனக்கு இன்னும் உறுத்துது. பெட்டியைப் பொறுத்தவரை டைப் செய்தவர்தான் கோப்பின் உரிமையாளர். சொன்ன அக்கா அதற்குத் தெரியாது, அவருக்கு அதில் பயனர் கணக்கே இல்லை. அவருடைய வாழ்க்கை, உரிமையாளர் நாம். இதை எண்ணால் சரிசெய்ய முடியலை, பேப்பரால்தான் செய்தோம். வாக்குமூலம் வாங்கும்போதே கேட்டு எழுதுகிறோம்: யார் படிக்கலாம், அச்சில் வரலாமா, பெயர் வரலாமா, எது வரைக்கும். கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி ஒரு நகல் அவருக்கே கொடுக்கிறோம். அவர் மனம் மாறி எடுத்துடுங்கன்னு சொன்னால் எடுக்கணும். மாற்றுப் பிரதியிலிருந்தும் எடுக்கணும்.

பூட்டு எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிக்க முடிகிறவர் நகலெடுக்க முடியும், போனில் படம் பிடிக்க முடியும். ஆகவே குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் உண்மையான பூட்டு. எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போனால் நான் சொன்ன அத்தனையும் வீண், யார் செய்தது என்ற பதிவும் வீண். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. பெட்டியையே தூக்கிக்கொண்டு போய் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் இந்த எண்கள் நிற்காது. அதற்கு டிஸ்க்கையே குறியாக்கம் செய்து வைக்கணும், அதன் திறவுகோலைப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் வைக்கக் கூடாது. நாலு டிஸ்க்கில் ஒன்று கெட்டாலும் தாங்கும் என்பது மாற்றுப் பிரதி ஆகாது. தீப்பிடித்தால் நாலும் போகும். வேறு ஊரில் ஒரு பிரதி வேணும், அதற்கும் இதே பூட்டு வேணும். மாற்றுப் பிரதியைத் திறந்து போட்டுவிட்டு வாசலைப் பூட்டிப் பயனில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உள்ள பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் அந்த நாலு கேள்வியைக் கேட்கிறோம். போன முறை சாட்சியக் குழுவிலிருந்து ஒருவரை எடுத்தோம். ஏழு மாதமாக அவர் அந்த வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அவருக்கு வருத்தம். நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். நம்பிக்கை இருக்கு தோழர், வேலைதான் இல்லை என்றோம். இந்த வாக்கியத்தை வருத்தமில்லாமல் சொல்லவும் கேட்கவும் நாம் பழகணும்.

அந்த அக்கா இப்போ வேறு ஊரில் செங்கல் சூளையில் இருக்கார். போய்ப் பார்த்து, இப்படியெல்லாம் மாற்றியிருக்கிறோம் என்று சொன்னேன். "நல்லது தம்பி, அடுத்தவளுக்காவது" என்றார். வழக்குப் பற்றி அவரும் பேசலை, நானும் கேட்கலை.

உங்க மாவட்டத்திலும் பெட்டி இருக்கும், இல்லைன்னா ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். சாயங்காலம் கலைவதற்கு முன் ஆளுக்கு ஒரு தாள் தருவாங்க. அதில் மூன்று பத்தி இருக்கு: என்ன வேலை, எந்தக் கோப்பு, யார் படிக்கலாம் யார் எழுதலாம். பெயர் போடாமல் வேலையை மட்டும் எழுதிக் கொடுங்க. பெயர்களை உங்க ஊருக்குப் போய், கூட்டம் போட்டு, எல்லார் முன்னாலும் எழுதுங்க.